வாளும் தக்களியும்

"கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல ஒரே போடு. வேணும்னா கண்ணை மூடிக்கோ" என்று ராதோ தங்கையின் கையில் வாளைத் திணித்தான்.

ஆல்டா விரலை மடக்கவில்லை. வாள் தரையில் விழுந்தது. அடுப்படியில் நின்ற தாய் கீசா ஓடிவந்து அதை ஓரமாகத் தள்ளினாள்.

அன்று ஊர்மன்றம். பிராங்க் குலத்துப் பெண் அடிமையோடு வாழப் போய்விட்டால், கோமான் அவள் முன்னால் வாளையும் நூல் நூற்கும் தக்களியையும் நீட்டுவார். வாளை எடுத்தால் அவனைத் தன் கையாலேயே வெட்டிவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பலாம். தக்களியை எடுத்தால் அவளும் அடிமை, வயிற்றில் இருப்பதும் அடிமை. என்ன அழகான நியாயம்! ராதோ மாட்டுக்கொட்டிலில் ஓர் அடிமைப் பெண்ணை வைத்திருந்தான், பிள்ளையும் இருந்தது. அவனிடம் எவரும் எதையும் நீட்டவில்லை.

"அந்த ரோம அடிமைப் பயகிட்ட என்னத்தடி கண்ட?" என்று தகப்பன் வித்திமர் உறுமினான். "அவன் தாத்தன் கல்வீட்டுல வாழ்ந்தான்னு மயங்கிட்டியா? இப்ப அங்க நம்ம ஆடுதான் புழுக்கை போடுது."

"வீட்டைப் பாத்துப் போகலப்பா. உர்சோ ஒருநாளும் என்னை அடிச்சதில்ல."

கீசா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கன்னத்தில் நேற்றைய வீக்கம் இன்னும் வடியவில்லை.

கூரை போன அந்தக் கல்வீட்டின் கூடத்தில்தான் மன்றம் கூடியது. உர்சோவைக் கையைக் கட்டி மண்டியிட வைத்திருந்தார்கள். கோமான் ஆல்டாவின் முன்னால் வாளையும் தக்களியையும் நீட்டினார். தன் முப்பாட்டன் பதித்த வண்ணக்கல் தரைமேல் அவன் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தான்.

"வாளை எடு ஆல்டா" என்றான். "நம்ம புள்ளையாவது எவனுக்கும் கைகட்டாம வளரட்டும். எனக்கு வருத்தமில்ல."

'எடுத்துடு மகளே' என்று கீசாவும் மனசுக்குள் வேண்டினாள். அடுத்த கணமே தன்னை நினைத்துக் கூசிப்போனாள். பாவி, பெண் பிழைக்க வேண்டுமென்று இன்னொருவன் சாவைக் கேட்கிறோமே என்று நெஞ்சு எரிந்தது.

ஆல்டா வாளை எடுத்தாள். அவள் உர்சோவைத் தாண்டி நடந்துபோய், தகப்பன் காலடியில் அதை வைத்தாள்.

"இந்தாங்கப்பா. இது உங்களுக்குத்தான் பழக்கம்."

திரும்பி வந்து தக்களியை எடுத்துக்கொண்டாள். உர்சோ வாய்விட்டு அழுதான்.

"இனி இவளும் அடிமை" என்று கோமான் கையை உதறினார். காரியக்காரன் ஒருவன் வந்து ஆல்டாவின் மடியில் கம்பளிப் பொதியைப் போட்டான். "பொழுது சாயறதுக்குள்ள நூத்து முடிக்கணும்."

"நமக்குப் பொண்ணு செத்துட்டா. நடடி வீட்டுக்கு" என்று வித்திமர் மனைவியின் தோளைப் பிடித்துத் தள்ளினான்.

கீசா நகரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அத்தனை ஆண்பிள்ளைகள் முகத்தையும் நிமிர்ந்து பார்த்தாள்.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து நானும் இதத்தானே நூத்துக்கிட்டிருக்கேன். என்கிட்ட எப்பய்யா வாளை நீட்டினீங்க?"

கீசா மகள் பக்கத்தில் உட்கார்ந்து, பொதியில் பாதியைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.