கொடுவா என்று விற்ற மீன்

இறந்துபோனவர் பேருந்து ஓட்டுநர். மத்தியானம் மனைவி பொரித்துக் கொடுத்த மீனைச் சாப்பிட்டார். முதலில் உதடு மரத்தது, பிறகு நாக்கு. சாயங்காலத்துக்குள் மூச்சு நின்றுவிட்டது. அதையே சாப்பிட்ட மனைவி ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்தாள். அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் மிச்சமிருந்த மீன் துண்டுகள், எண் ஒட்டிய டப்பாவில் ஆய்வகத்துக்கு வந்தன. வாங்கும்போது பாக்கெட்டில் கொடுவா என்று போட்டிருந்ததாம்.

தலையும் தோலும் போய்விட்டால் வெள்ளை மீனெல்லாம் கண்ணுக்கு ஒன்றுதான். மூத்த பரிசோதகி அரிசி அளவு சதையைக் கிள்ளி, அதிலிருந்து மரபணுவைப் பிரித்து, கணினிப் பதிவோடு ஒப்பிட்டாள். கொடுவா இல்லை, பேத்தை. வலையில் விழுந்தால் கடலிலேயே வீசிவிடுகிற விஷ மீன். கை தவறியிருக்குமோ என்று முதலிலிருந்து மறுபடி செய்தாள். மறுபடியும் பேத்தைதான்.

அடுத்த நாள் காலையில் அவள் அண்ணன் ஆய்வக வாசலுக்கே வந்துவிட்டான். மீன் பதப்படுத்தும் கூடமொன்றில் மேற்பார்வையாளன், அவளைப் படிக்கவைத்தவன். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அந்த டிரைவர் வீட்டு மீன் உங்கிட்டதான் வந்திருக்காமே?"

"உனக்கெதுக்குண்ணே அது?"

"எங்க கூடத்துல பாக்கெட் போட்டதும்மா. சாம்பிள் கெட்டுப்போச்சுன்னு ஒரு வரி எழுதிடு."

"தெரியாமக் கலந்துடுச்சா?"

"தெரியாமத்தான். தோலுரிச்சு வந்ததுல எது எதுன்னு யாரு கண்டா?"

நம்பத்தான் ஆசைப்பட்டாள். அவன் வீட்டுச் சமையலுக்கும் கூடத்து மீன்தான் போகும் என்பது ஞாபகம் வந்ததும் பதறிப்போனாள்.

"ஐயோ, அண்ணியும் பிள்ளைங்களும் சாப்பிட்டாங்களா? இப்பவே போன் போடுண்ணே!"

"சேச்சே, அந்தப் பெட்டியிலேர்ந்து நான் போய் வீட்டுக்கு..."

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான். "அப்போ எந்தப் பெட்டின்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் அவள்.

"விஷமெல்லாம் ஈரல்லதான், அதை எடுத்துட்டா ஒண்ணும் ஆகாதுன்னாங்க" என்றான் தரையைப் பார்த்து.

அவள் நேராக மேலதிகாரியிடம் போய், கூடத்து மேற்பார்வையாளன் தன் அண்ணன் என்பதையும் அவன் சொன்னதையும் ஒன்றுவிடாமல் எழுதிக்கொடுத்தாள். மிச்சச் சதை வேறோர் ஆய்வகத்துக்குப் போனது. அங்கிருந்தும் அதே பதில். ஓட்டுநரின் மனைவி நான்காம் நாள் போய்ச் சேர்ந்தாள்.

அண்ணனைப் போலீஸ் கூட்டிப்போன அன்று அம்மா போன் செய்தாள். "உன்னை ஆளாக்குனவன்டி அவன்."

"ரெண்டு உசுரும்மா."

"உனக்கு இனி நான் அம்மா இல்ல" என்று வைத்துவிட்டாள்.

கோர்ட்டில், கேட்ட கேள்விக்கெல்லாம் பரிசோதகி பதில் சொன்னாள். குரல் ஓரிடத்திலும் உடையவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்தவளுக்கு, எழுந்திருக்கத்தான் வெகுநேரம் கால் வரவில்லை.