கிழக்கே பதின்மூன்று மில்லி

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு காலிக் கட்டத்திலிருந்து வந்தது.

பாளையங்கோட்டையில் எனக்கு ஒரு பைண்டிங் கடை இருக்கிறது. இன்ஜினியரிங் மாணவர்களின் புராஜெக்ட் ரிப்போர்ட்டை டைப் அடித்து, கறுப்பு ரெக்சின் அட்டை போட்டு, தங்க எழுத்துப் பதித்துக் கொடுப்பேன். சீசன் மூன்று மாதம். மிச்ச ஒன்பது மாதம் கதை எழுதுகிறேன். கதைக்கு இதுவரை யாரும் ரெக்சின் போடச் சொன்னதில்லை.

போன சீசனில் வந்த ஒரு ரிப்போர்ட்டின் தலைப்பு, 'தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் பன்னிரண்டு கோபுரங்கள்: செங்குத்து நிலை ஆய்வு.' கோயில் கோபுரம், சர்ச் கோபுரம், பழைய மில் புகைபோக்கி, செல்போன் டவர், ஊர் ஊராக நிற்கும் தண்ணீர்த் தொட்டிகள். பெருவெள்ளம் வந்து போன பிறகு இவையெல்லாம் நேராக நிற்கின்றனவா என்பதுதான் கேள்வி. அதில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.

எப்படித் தொடங்குவது என்று இரண்டு நாள் மல்லுக்கட்டினேன்.

[அடித்தது: பொதிகையில் பிறந்து, வற்றாது ஓடும் தாமிரபரணியின் கரையிலே...]

வேண்டாம். கல்யாண மண்டபத் திறப்பு விழா மலரெல்லாம் இப்படித்தான் தொடங்குகிறது.

[அடித்தது: கோபுரங்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.]

பார்க்கவில்லை. அன்றைக்கு அப்படித்தான் நம்பினேன்.

அடித்ததை ஏன் விட்டுவைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். சர்வே படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு சட்டம் உண்டு. அளவு எழுதும் நோட்டில் ரப்பர் படக் கூடாது. தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்து, சரியானதை மேலே எழுத வேண்டும். தப்பும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். இதை எனக்குச் சொன்னது விஜயஸ்ரீ. கதை அவளுடையது.

2

விஜயஸ்ரீ டவுன்காரி, சிவில் கடைசி வருஷம். எதையும் மூன்று தடவை அளப்பாள். வீட்டில் காபித் தூளைக்கூடக் கரண்டியில் தட்டி மட்டம் பார்த்துத்தான் போடுவாள் என்று அவள் அம்மா வடிவம்மாள் கடையில் வந்து குறைப்பட்டுக்கொண்டிருக்கிறாள். (வடிவம்மாளுக்கு இந்தக் கதையில் வேறு வேலை இல்லை. மகளின் குணம் தெரியட்டும் என்று கூப்பிட்டேன்.)

ஜனவரியில் அவளும் அவளோடு படிக்கும் மதாரும் பன்னிரண்டாவது கோபுரத்துக்குப் போனார்கள். சீவலப்பேரிக்கு அங்கிட்டு ஒரு ஊர், பெயர் வேண்டாம். நாற்பது அடி உயரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. மேற்கே வயல், கிழக்கே தெரு. தொட்டியின் கால்களுக்கு நடுவே விழும் நிழலில் ஆறேழு பெண்கள் மடியில் சுளகுத் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தெருவில் நிழல் என்று இருப்பது அது ஒன்றுதான்.

தொட்டிக்கு மோட்டார் போட்டு வால்வு திறந்துவிடும் பலவேசம் மேலே ஏறி, விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு கட்டிய நூலை இறக்கினார். குண்டு ஆடாமலிருக்க அதை ஒரு வாளித் தண்ணீருக்குள் தொங்கவிட்டார்கள். தொட்டி நேராக இருந்தால் நூல் எங்கே நிற்க வேண்டுமோ, அங்கே விஜயஸ்ரீ தரையில் உளியால் ஒரு கீறல் போட்டாள்.

"என்ன பிள்ள, தொட்டிக்குச் சீக்கா?" என்று கேட்டாள் அவர்களில் ஒருத்தியான முத்துராணி, கையை நிறுத்தாமலே.

"இல்லக்கா. நேரா நிக்குதான்னு பாக்கோம்."

நூல் கீறலைவிட்டு மேற்கே ஒன்பது மில்லி தள்ளி நின்றது. மூன்று தடவை அளந்தாள். மூன்றும் ஒன்பது.

"ஒம்போது மில்லின்னா எம்புட்டு தாயி?" என்று மேலிருந்து சத்தம் கொடுத்தார் பலவேசம்.

விஜயஸ்ரீ சுண்டுவிரல் நகத்தைத் தூக்கிக் காட்டினாள். "பயப்பட ஒண்ணுமில்ல அண்ணாச்சி. முப்பதத் தாண்டுனாத்தான் பயம்."

3

பிப்ரவரியில் இரண்டாம் தடவை அளக்க வேண்டும். பதினோரு கோபுரங்களை முடித்த கையோடு விஜயஸ்ரீக்கு அம்மை போட்டுவிட்டது. மதாருக்குக் காயல்பட்டினத்தில் அக்கா கல்யாணம். அவன் போய் எடுத்துவிடுவான் என்று இவள் நினைத்தாள். இவள் முன்னமே எடுத்திருப்பாள் என்று அவன் நினைத்தான்.

முதல் பிரதியில் இதற்கு அப்புறம் இப்படி எழுதியிருந்தேன்:

[அடித்தது: வேப்பிலைக்கு நடுவே படுத்திருந்த விஜயஸ்ரீ, யாருக்கும் தெரியாமல் போனை எடுத்து, மனசில் தோன்றிய ஓர் எண்ணை அனுப்பினாள்.]

படித்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. காபித் தூளுக்கு மட்டம் பார்க்கிறவள் எண்ணைக் கற்பனை செய்வாளா? சரி, மதாரிடம் கொடுப்போம் என்று பார்த்தேன்.

[அடித்தது: கல்யாண வீட்டில் ஒரே தட்டைச் சுற்றிச் சேர்ந்து சாப்பிடும் சஹன் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த மதார், இடது கையால் போனைத் தட்டி...]

அவனும் மசியவில்லை. சோம்பேறிதான், ஆனால் பொய்க் கணக்கு எழுதுகிறவன் இல்லை. பாத்திரங்கள் சொன்ன பேச்சைக் கேட்காதது எனக்குப் புதிதல்ல. நான் ஏன் இதை அவர்கள் தலையில் கட்டப் பார்க்கிறேன் என்று யோசித்தபோதுதான் உடம்பு கூசியது.

கட்டத்தை நிரப்பியது நான்.

மார்ச் நான்காம் தேதி மதார் பக்கங்களைக் கடையில் போட்டுவிட்டு, "அண்ணாச்சி, அவ ஒரு அளவு அனுப்புவா. அதச் சேத்து ஆறு மணிக்குள்ள காலேஜ்ல குடுத்துருங்க" என்று காயல்பட்டினத்துக்குப் பஸ் ஏறிவிட்டான். நாலரை வரை அளவு வரவில்லை. அம்மை போட்ட வீட்டுக்குப் போன் போட்டுக் கூப்பிடுவானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்பதுக்குக் கீழே பதின்மூன்று என்று அடித்தேன். திசைக் கட்டத்தில் 'கிழக்கு' என்று அடித்தேன். ஏன் கிழக்கு? மற்ற கோபுரங்களுக்குக் கிழக்கு நிறைய வந்திருந்தது, கை பழகிவிட்டது. அவ்வளவுதான்.

அதற்கும் கீழே மார்ச், ஏப்ரல், மே என்று எதிர்பார்ப்புக் கட்டங்கள் மூன்று. மவுஸைப் பிடித்துக் கீழே இழுத்தால் தானாக நிரம்பிவிடும். பதினேழு, இருபத்தொன்று, இருபத்தைந்து, எல்லாம் கிழக்கு. கிராப் போட்டுப் பார்த்தால் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. எந்த வாத்தியாரும் நம்ப மாட்டார். கதை எழுதுகிற கை சும்மா இருக்குமா? கொஞ்சம் வளைத்தேன். மார்ச்சுக்குப் பதினெட்டு, ஏப்ரலுக்கு இருபத்தாறு. மே மாதத்துக்கு நாற்பத்தொன்று. கடைசியில் ஒரு தூக்கல் இருந்தால்தான் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

கோடு அழகாக வந்திருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நாலு பிரதி பைண்ட் பண்ணிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

4

ஏப்ரலில் வைவா, நேரில் கேள்வி கேட்கும் தேர்வு. முந்தின வாரம்தான் விஜயஸ்ரீ தன் ரிப்போர்ட்டையே முதன்முதலாகப் புரட்டினாள். உடனே மதாருக்குப் போன் போட்டாள்.

"பன்னிரண்டாவதுக்கு ஏன்டா கிழக்குன்னு போட்ட? அது மேற்க தான சாஞ்சிருந்துது?"

"நான் எங்க போனேன்? நீதான அளவு அனுப்புன?"

விஜயஸ்ரீ அளவு நோட்டைப் புரட்டினாள்; பன்னிரண்டாவதுக்கு ஜனவரி அளவு மட்டும்தான் இருந்தது.

மறுநாள் காலை சீவலப்பேரி டவுன் பஸ்ஸில் அவள் தனியாகப் போனாள். பலவேசம் நூலை இறக்கினார். வாளித் தண்ணீர் அலையடங்கக் காத்திருந்தாள். காற்று இல்லை. ஜனவரியில் அவள் போட்ட கீறல் அப்படியே இருந்தது. நூல் அதன் மறுபக்கம் நின்றது.

அளந்தாள். கிழக்கே இருபத்தாறு. நூலைச் சுருட்டி வேறு நூல் போடச் சொன்னாள். இருபத்தாறு. ஸ்கேலைச் சேலையில் துடைத்துத் தரச் சொல்லி முத்துராணியிடம் கொடுத்து வாங்கி, மூன்றாம் தடவை குனிந்தாள். இருபத்தாறுதான். தொட்டியில் ஒரு விரிசல் இல்லை. கால்களைச் சுற்றி மண்கூடப் பிளக்கவில்லை. மேற்கே சாய்ந்திருந்தது கிழக்கே சாய்வதென்றால், நடுவில் ஒரு பொழுது அது நேராக நின்றிருக்க வேண்டும். அந்தப் பொழுதை யாரும் பார்க்கவில்லை.

"சாயுதா தாயி?" பலவேசம் பக்கத்தில் வந்து பைய கேட்டார். "எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துது. மோட்டார் போட்டா முந்தி மேக்க ஓரமாத்தான் தண்ணி சலசலக்கும். இப்பம் கெழக்க கேக்கு."

"எப்பயிருந்து அண்ணாச்சி?"

"மார்ச்சு நாலு. ரேஷன் போட்ட அன்னைக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு முன்ன, மோட்டாரும் ஓடல, காத்தும் இல்ல. உள்ள தண்ணி தானா புரண்டு படுத்த மாதிரிச் சத்தம் கேட்டுது."*

பெண்களின் கை நின்றிருந்தது. முத்துராணி அண்ணாந்து பார்த்தாள். பிறகு, பார்த்தது பிடிக்காதவள்போல, இலையை எடுத்து மறுபடி சுற்றத் தொடங்கினாள்.

* அந்தக் கோப்பு என் கம்ப்யூட்டரில் சேமிக்கப்பட்ட நேரம் மார்ச் 4, மாலை 4.52. பார்க்காமலே இருந்திருக்கலாம்.

5

விஜயஸ்ரீ கடைக்கு வந்தபோது நானாகவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அடித்த நேரத்தையும் சேர்த்து. அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தண்ணீர் கேட்டு வாங்கினாள். குடிக்காமல் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரிப்போர்ட்டோட யூனியன் ஆபீஸ்ல போய்ச் சொன்னேன் அண்ணாச்சி. இருபத்தாறு தானம்மா, முப்பதத் தாண்டட்டும்னாங்க. ஒங்க ரிப்போர்ட்லயே மே மாசம் தான தாண்டுதுன்னு போட்டிருக்கு, அப்பம் வாங்கன்னாங்க."

பலவேசத்திடம் தொட்டியைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறாள். ரெண்டு நாள் தண்ணி வரலன்னா ஊரே என்னக் கட்டி வச்சு அடிக்கும் தாயி என்று சொல்லிவிட்டார். பெண்களிடம் எழுந்து போகச் சொல்லியிருக்கிறாள். வேற நிழல் நீ கொண்டாருதியா என்று முத்துராணி கேட்டிருக்கிறாள்.

"ஒரு பக்கத்த மாத்திருவோம்" என்றேன். "முப்பத்திரெண்டுன்னு அடிச்சுத் தாரேன். நாளைக்கே ஆள் அனுப்புவான்."

"அடிச்சா அது முப்பத்திரெண்டுக்குப் போயிரும்."

"அப்பம் கொறைச்சு அடிப்போம். அஞ்சுன்னு போடுவோம்."

"அது கேக்கலன்னா? அந்தத் தாள நம்பி அவங்க அங்கனயே இருப்பாங்க."

அவள் போன பிறகு, கதையாகவாவது முடித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். இரண்டு முடிவுகள் எழுதினேன். இரண்டையும் மறைக்கவில்லை:

[அடித்தது, முடிவு அ: தொட்டி மெல்ல மெல்லத் தன் நிலைக்குத் திரும்பி நேராக நின்றது.]

மறுநாள் அவள் அளந்தாள். இருபத்தாறு. நல்ல சேதி எழுதினால் அது காதில் போட்டுக்கொள்வதில்லை.

[அடித்தது, முடிவு ஆ: அதிகாரிகள் வந்தார்கள், ஆட்களை விலக்கினார்கள், தொட்டியை இடித்தார்கள்.]

இதை எழுதிய அன்று மதியமே போன் வந்தது. கிழக்கு விளிம்பிலிருந்து தேங்காய் அளவு காரை பெயர்ந்து விழுந்திருக்கிறது. முத்துராணியின் சுளகுக்கு ஒரு முழம் தள்ளி. அதிகாரி யாரும் வரவில்லை. நான் எழுதியதில் இடிப்பதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டது.

"அண்ணாச்சி," போனில் விஜயஸ்ரீயின் குரல் ரொம்ப நிதானமாக இருந்தது. "திரும்ப எழுதுனீங்களா?"

"ஒரு முடிவு... கதைக்குத்தான் பிள்ள..."

"நாளையிலேருந்து நானும் இங்கன இவங்ககூடத்தான் உக்காரப் போறேன். இனிமே எழுதுறதா இருந்தா என்னையும் சேத்து எழுதுங்க."

6

வைவாவுக்கு அவள் போகவில்லை. மதார் போய், பன்னிரண்டாவது கோபுரத்தின் அளவு பொய் என்று மேசையில் சொல்லிவிட்டு வந்தான். அதனால் அந்த அளவுகளை இனி யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அவள் நிஜமாக அளந்த இருபத்தாறை ஆபீஸிலும் எடுக்கவில்லை.

அவள் தினமும் காலை பஸ்ஸில் போகிறாள். பீடி சுற்றப் பழகிவிட்டாள் என்று பலவேசம் சொன்னார். பதினொரு மணிக்கு ஒரு தடவை நூல் இறக்கி அளப்பாள். இருபத்தாறு. பதினெட்டு நாளாக இருபத்தாறு. நான் ஒரு வரியும் எழுதாத பதினெட்டு நாள் அவை.

இன்று இதை எழுதுகிறீர்களே என்று கேட்டால், நடந்து முடிந்ததை மட்டும்தான் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் போன் போட்டு, அவள் குரலைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். எனக்குப் பயமாக இருக்கிறது. வயசு ஐம்பத்தெட்டு, இப்படி ஒரு பயம் இதற்கு முன்னால் பட்டதில்லை. நாளைக்கு மே ஒன்று. நாற்பத்தொன்று என்ற எண் நாலு பிரதியில் தைத்து, ஒட்டி, தங்க எழுத்துக்குள் கிடக்கிறது. என்னால் முடிந்தது இதற்கு மேல் ஒரு வாக்கியம் சேர்க்காமல் இருப்பது. ஆகவே முடிவு கிடையாது.

ஆனால் நீங்கள் இருக்கிறீர்கள். இவ்வளவு தூரம் படித்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டீர்கள். மனசுக்குள் ஏற்கெனவே ஒரு முடிவு போட்டிருப்பீர்கள், அதில் தொட்டி விழுகிறது. எழுதினால்தான் அதற்குக் கேட்குமா, நினைத்தாலே கேட்டுவிடுமா என்று எனக்குத் தெரியாது. அவள் இப்போது அங்கேதான் இருக்கிறாள், முத்துராணிக்குப் பக்கத்தில், கிழக்குக் காலில் சாய்ந்துகொண்டு. அடக்கிக்கொள்ள முடிந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். முடியாதென்றால், உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், மேற்கே விழுவதாக நினையுங்கள். பிசான நெல் அறுத்து வயல் சும்மா கிடக்கிறது. அங்கே ஆள் யாரும் இல்லை.