இடுப்பு உயரத்தில் எரிந்த தீ

நகராட்சி ஆட்கள் தள்ளுவண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகும், அண்ணியின் அடுப்புத் தீ மட்டும் அதே இடத்தில், இடுப்பு உயரத்தில், அந்தரத்தில் எரிந்துகொண்டிருந்தது. அடியில் பர்னர் இல்லை, சிலிண்டர் இல்லை. நீல நிறத்தில் ஒரு வளையம். காற்றடித்தால் லேசாகச் சாய்ந்து மறுபடி நிமிர்ந்துகொள்ளும். அன்று நல்ல வெயில். வெங்காய விலை ஏறியிருந்தது.

அண்ணி அரசு மருத்துவமனையின் பின்வாசலில் முட்டையும் ரொட்டியும் விற்பவள். கூடவே நாத்தனார் நின்று ரொட்டி வெட்டுவாள், வெங்காயம் நறுக்குவாள். அவள் வாய்க்கு வாய் “அண்ணி” என்று கூப்பிட்டதில், நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள், அண்ணியைவிட மூத்த டாக்டர்கள்கூட அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். புருஷன் செத்த பிறகு அண்ணிக்கும் நாத்தனாருக்கும் சோறு போட்டது அந்த வண்டிதான். வண்டிக்கு முறையான உரிமம் இருந்தது. உரிமம் வைத்திருப்பவரை ஒரு மாத நோட்டீஸ் கொடுக்காமல், அவர் தரப்பைக் கேட்காமல் நகர்த்தக்கூடாது என்று சட்டமும் இருந்தது. புது ஆணையருக்கு அந்தச் சட்டம் தெரியாது என்று சொல்வதற்கில்லை. அதைப் புகழ்ந்து ஒரு கூட்டத்தில் பேசிக் கைதட்டல் வாங்கியவர் அவர். ஆனால் ஒருநாள் காலை அவருடைய கார் அந்த வளைவில் திரும்பக் கொஞ்சம் சிரமப்பட்டது. மதியத்துக்குள் வண்டியை அகற்றும் உத்தரவு வந்துவிட்டது. காரணம் எழுத வேண்டிய இடத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அடுப்புத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: பற்றவைத்த கைதான் அணைக்க வேண்டும். இரண்டு பேர் நிற்கும் வண்டியில் அவள் அணைத்திருப்பாள் என்று இவளும், இவள் அணைத்திருப்பாள் என்று அவளும் விட்டுவிட்டால் இருவரும் ஒரேயடியாகப் போய்ச் சேர வேண்டியதுதான். லாரியோடு வந்த மேஸ்திரிக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது, அவசரம் வேறு. “இருங்கண்ணே, அடுப்ப அணைச்சிக்கிறேன்” என்று அண்ணி நீட்டிய கையைத் தட்டிவிட்டு, குமிழைத் தானே மூடினார். தப்பு அங்கேதான் நடந்தது. வண்டி போயிற்று, தீ போகவில்லை.

மேஸ்திரி லாரி ஆட்களோடு திரும்பி வந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், மணல் கொட்டிப் பார்த்தார், கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். தீயணைப்புத் துறையினர் வந்து சுற்றிப் பார்த்து, எரிபொருளே இல்லாத தீயை அணைப்பதற்குத் தங்கள் விதிகளில் இடமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணி நடைபாதையில் உட்கார்ந்து வயிறெரிந்து அழுதாள். அழுது முடித்ததும் எதிர்ப்பக்க டீக்கடையில் ஒரு வாணலி கடன் வாங்கி வந்து அந்தத் தீயின் மேல் வைத்தாள். வாணலி கீழே விழவில்லை. முட்டை வெந்தது. காலையிலிருந்து சாப்பிடாத லாரி ஆட்களில் இருவர் கூச்சத்தோடு வரிசையில் வந்து நின்றார்கள்.

விஷயம் ஊர் முழுக்கப் பரவியது. கை கூப்பிக்கொண்டு ஒரு கூட்டம் வரத் தொடங்கியதும் அண்ணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கும்பிட வந்தவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும், சாப்பிட வந்தவர்கள் வரிசையில் நிற்க வேண்டும் என்று கரண்டியைக் காட்டிச் சொல்லிவிட்டாள். ஆணையரும் மனம் மாறினார், ஆனால் தப்பான பக்கமாக. தீயைச் சுற்றி வேலி போட்டு, டிக்கெட் வைத்து, வெளியூர்க்காரர்களுக்குக் காட்டலாம் என்பது அவருடைய திட்டம். அண்ணி வழக்கு கிழக்கு என்று போகாமல் ஒதுங்கிக்கொண்டால், ஊருக்கு வெளியே குப்பைக் கிடங்கின் ஓரமாக அவளுக்கு ஒரு இடம் கிடைக்கும். நாத்தனாருக்கு நீதிமன்றம் என்றாலே உதறல். இடத்தை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்வோம், தீயும் கூடவே வந்தாலும் வரும் என்றாள்.

“அதிசயம் இன்னிக்கி இருக்கும், நாளைக்குப் போயிடும். அத நம்பியா நாம கடை போட்டோம்? நம்மகிட்ட லைசென்ஸ் இருக்கு. எனக்கு என் வண்டி வேணும், அதே எடத்துல” என்றாள் அண்ணி. நாத்தனார் வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள்.

அண்ணி போட்ட வழக்கு மூன்று மழைக்காலம் இழுத்தது. மழை பெய்தபோதெல்லாம் தீ நனைந்துகொண்டே எரிந்தது. முட்டை மட்டும் வேகச் சற்றுத் தாமதமானது. நகராட்சி வக்கீல் கெட்டிக்காரர். உரிமம் வண்டிக்குத்தான், அந்தரத்தில் எரியும் தீக்கு இல்லை, ஆகவே இந்தப் பெண் உரிமம் இல்லாத தீயில் வியாபாரம் செய்கிறாள் என்று அரைநாள் வாதாடினார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“தீயப் பத்தி நான் கேக்கவே இல்லையே. நோட்டீஸ் எங்க? வண்டிய எடுக்குறதுக்கு முன்னாடி இந்தம்மாகிட்ட யார் பேசினது?”

யாரும் பேசியிருக்கவில்லை. உத்தரவு செல்லாது, வண்டியை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டும் என்று தீர்ப்பானது. தீர்ப்பில் தீயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

துருப்பிடித்து, ஒரு சக்கரம் இறுகிப்போன வண்டியை மேஸ்திரியே தள்ளிக்கொண்டு வந்து, பர்னர் தீக்கு நேர் கீழே வரும்படி நிறுத்தினார். அண்ணி குமிழைத் திறந்து மறுபடி மூடினாள். தீ அணைந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஏமாற்றத்தோடு உச்சுக்கொட்டினார்கள். அவள் அடுப்பைத் துடைத்து, தீக்குச்சி கிழித்துப் பற்றவைத்தாள். ஊரில் எல்லா வீட்டிலும் எரிகிற தீதான் அது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுவருஷம் வேறொரு ஆணையர் வந்தார். இந்த முறை தெரு முழுவதற்குமாக ஒரு உத்தரவு. இதிலும் காரணம் இல்லை, நோட்டீஸ் இல்லை. லாரி வந்து நின்றதும் சோளம் சுடுகிறவர், சூப் விற்கிறவர், டீக்காரர் என்று உரிமம் வைத்திருந்த அத்தனை பேரும், ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல், அடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். யாரும் அணைக்கவில்லை. முதலில் தள்ளி நின்றவள் நாத்தனார். மேஸ்திரி தெருக்கோடி வரை எரியும் அடுப்புகளைப் பார்த்தார். கையைச் சட்டைப் பைக்குள் விட்டு, போனை எடுத்து அலுவலகத்துக்குப் பேசினார்.

“சார், இவங்களுக்கு நோட்டீஸ் குடுத்தாச்சா? குடுக்கலன்னா நான் கை வெக்க மாட்டேன்.”

லாரி காலியாகத் திரும்பியது.