டன்னுக்குப் பதினொரு கிராம்

ஊருக்கு வெளியே ஒரு மலை இருந்தது. இயற்கை எழுப்பிய மலையன்று. மனிதன் கழித்த மலை. அறுபது ஆண்டுகள் பூமியின் குடலைக் குடைந்து தங்கத்தைத் தனக்கென்று அள்ளிக்கொண்ட சுரங்கக் கம்பெனி, சக்கையாய்ப் பிழிந்த சாம்பல் மண்ணை மட்டும் ஊருக்குச் சீதனமாய் விட்டுப் போயிருந்தது. காற்றடித்தால் அந்தச் சீதனம் சோற்றில் விழும், துவைத்த துணியில் படியும், நெஞ்சுக்குள் இறங்கும். அதைத் திட்டாத வாய் ஊரில் கிடையாது. அந்த மண்ணையே ஊரார் அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடும்படி செய்தார் ஒருவர்.

கொளுத்தும் வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர் ஆகையால், அவருக்குக் கோட்டு என்றே பெயராயிற்று. வழவழப்பான தாளில் அச்சிட்ட புத்தகம் ஒன்றை அவர் வீடுவீடாக நீட்டினார். கழிவு மேட்டில் முப்பது லட்சம் டன் மண். டன்னுக்கு ஒரு கிராம் தங்கம். பழைய காலத்தவன் விட்டதைப் புதிய காலத்து ரசாயனம் பிடிக்கும். பங்கு வாங்குவோர் பாக்கியவான்கள்! உழைத்துச் சேர்த்தவனிடம் உழைக்காமல் சேர்க்கும் வழியைக் காட்டினால் போதாதா? நால்வர் விழுந்தார்கள்: சலூன்காரர், லாரிக்காரர், பொற்கொல்லர், பொற்கொல்லரின் தங்கையான தையற்காரி.

தையற்காரி தானாக விழவில்லை; அண்ணன் இழுத்து விழுந்தாள். கணவன் கைவிட்டுப் போன ஆண்டில், அவளுக்கு முதல் தையல் மிஷின் வாங்கிக் கொடுத்தவர் அந்த அண்ணன். அவர் கேட்டபோது இல்லையென்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. கொடுத்த பணமோ கடை வாங்க வைத்திருந்த பணம். மூன்று மிஷின்களோடு அவள் வாடகைக்கு இருக்கும் அறையை அதன் உரிமையாளர் விற்கிறார். மாதக் கடைசிக்குள் அவள் வாங்காவிட்டால் செல்போன் கடைக்காரனுக்குப் போய்விடும். "பத்தே நாள்ல ரெட்டிப்பாகும், அதுக்கப்புறம் கடையை வாங்கிக்க" என்றார் அண்ணன். பத்து நாள் போயிற்று. பணம் ரெட்டிப்பாகவுமில்லை, ஒற்றையாய்த் திரும்பவுமில்லை.

இதற்குள் அவள் ஒரு நல்ல காரியம் செய்தாள். ரசீதின் பின்புறத்தைப் படித்தாள். எறும்புக்கும் கண் வலிக்கும் எழுத்தில் பதினான்காம் விதி சொன்னது: பங்குப் பத்திரம் வழங்கும்வரை கம்பெனி விரும்பினால் முன்பணத்தைத் திருப்பித் தந்து விலகிக்கொள்ளலாம், பணம் கட்டியவர் விலக முடியாது. கதவு ஒன்று, தாழ்ப்பாள் ஒருவன் கையில்! வலுத்தவன் எழுதி இளைத்தவன் கையெழுத்திடும் சாசனங்கள் எல்லாம் இந்த இலட்சணம்தான்.

"அண்ணே, நாமளே மண்ணை எடுத்து டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாமே?" என்றாள்.

"நான் தங்கத்துலயே பொறந்து வளர்ந்தவன். எனக்கா தெரியாது?" என்றார் அண்ணன். ஆனாலும் அந்த யோசனை அவருக்குப் பிடித்துப்போயிற்று. லாரிக்காரர் மேட்டில் ஐந்து இடங்களில் தோண்டி ஒரு சாக்கு மண் கொண்டுவந்தார். கட்டியும் முட்டியுமாயிருந்த மண்ணை அப்படியே அனுப்பப் பொற்கொல்லரின் தொழில் மானம் இடம் தரவில்லை. தம் பட்டறையிலேயே காயவைத்து, தம் இரும்பு உரலில் இடித்து, தம் சல்லடையில் சலித்து, பாட்டிலில் அடைத்துக் கொடுத்தார். தையற்காரி நகரத்துப் பரிசோதனைக் கூடத்துக்குப் பஸ்ஸேறினாள்.

டன்னுக்குப் பதினொரு கிராம் என்று வந்தது முடிவு.

சலூன்காரர் பாதி சிரைத்த முகத்தை நாற்காலியிலேயே விட்டுவிட்டுத் லாரிக்காரர் வீட்டுக்கு ஓடினார். லாரிக்காரர் மனைவியை அன்றுதான் முதன்முதலாக 'வாங்க போங்க' என்று அழைத்தார். தையற்காரிக்கு மட்டும் துணியில் எங்கோ சுருக்கம் தட்டியது. விற்கிறவன் ஒன்று என்கிறான். வாங்குகிறவர்களுக்குப் பதினொன்று கிடைக்கிறது. கூட்டிச் சொல்லும் பொய்யனை உலகம் அறியும்; குறைத்துச் சொல்லும் பொய்யனை எந்த ஊர்ச் சந்தையில் கண்டார்கள்?

மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போனவள், பட்டறை வாசலில் நின்று பார்த்தாள். அண்ணன் ஒரு வளையலை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். தூள் மடியில் விரித்த தோலில் விழுந்தது. கொஞ்சம் தரையில் விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத கொஞ்சம் எங்கெங்கோ பறந்தது. அந்தப் பட்டறையின் கூட்டுமண்ணைக் கூட தங்கம் அரித்தெடுக்க ஆண்டுக்கொருமுறை ஒருவன் காசு கொடுத்து வாங்கிப் போவான். உரல் மூலையில் இருந்தது. முப்பது வருடத் தூசி குடித்த உரல்.

அண்ணன் சாப்பிடப் போன நேரம் பார்த்து, தன் கடையின் பின்சுவரிலிருந்து பெயர்ந்த செங்கல்லை அதில் போட்டு இடித்தாள்.

அண்ணி எட்டிப் பார்த்தாள். "என்னடி இது, செங்கல்லைப் போட்டு இடிக்கிற?"

"பாத்திரம் தேய்க்க அண்ணி."

"உன் வீட்டுப் பாத்திரத்துக்குத் தட்டார் பட்டறை உரலா கேக்குது? நல்லா இருக்குடி உன் கூத்து."

செங்கல் பொடி ஒரு பாட்டில். கூடவே, இரும்பும் படாமல் சல்லடையும் படாமல், மேட்டிலிருந்து தன் கையால் அள்ளிய மண் ஒரு பாட்டில். இரண்டோடும் மறுபடி பஸ்ஸேறினாள். ஞாயிற்றுக்கிழமை காலைதான் முடிவுகள் கைக்கு வந்தன. மேட்டு மண்ணில் அரை கிராமுக்கும் கீழே. செங்கல்லில் எட்டு.

"எந்த மேட்டு மண்ணுங்க இந்தச் செவப்பு?" என்று கேட்டான் பரிசோதனைக் கூடத்து எழுத்தர்.

"கடையோட பின்செவரு."

"அப்ப அந்தச் செவத்தை இடிச்சுடாதீங்க."

பத்திரம் வழங்கும் வைபவம் அன்று பகலில், சலூனில். அண்ணனிடம் சொல்லிவிட எண்ணி விரைந்தவள் சற்றே பிந்தினாள், கோட்டு முந்தியிருந்தார். எதிரெதிர்க் கண்ணாடிகளில் நூறு கோட்டுகள் வரிசையாய்த் தெரிந்தன. ஒருவனைத் தாங்கவே ஊருக்கு வலுவில்லை.

"நாங்களும் சும்மா இல்ல சார், டெஸ்ட் பண்ணிட்டோம்ல" என்றார் சலூன்காரர், ரகசியத்தைக் காக்க முடியாத தம் தொழில் மரபுக்கு இழுக்கு வராமல்.

கோட்டின் முகம் வெளுத்தது. புத்தகத்தில் அச்சான ஒரு கிராம்கூட அவர் அளந்ததல்ல. சுரங்கக் கம்பெனி விட்டுப்போன பழைய அறிக்கையில் பார்த்து எழுதியது. "டெஸ்டா? எவ்வளவு வந்துச்சு?"

"காட்டும்மா, அந்தப் பேப்பரை" என்றார் அண்ணன்.

தையற்காரியின் பையில் மூன்று தாள்கள் இருந்தன. வாய் திறந்தால் உண்மை வெளிவரும், பணம் வராது. பதினான்காம் விதி அவள் கண்முன் நின்றது. கேட்டது எதுவோ அதை எடுத்துக் கொடுத்தாள். அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை.

கோட்டு ஒருமுறை படித்தார். வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் ஒருமுறை படித்தார். தெருவில் நின்று யாரோடோ போனில் குசுகுசுத்தார். திரும்பி வந்தபோது முகத்தில் துக்கம் கொண்டாடினார்.

"மன்னிக்கணும். மேலிடத்துல முடிவு மாறிப்போச்சு. பங்கு யாருக்கும் கிடையாது. விதி பதினாலு."

"இது அநியாயம் சார்" என்றார் லாரிக்காரர். "தங்கம்னு தெரிஞ்சதும் எங்களைக் கழட்டி விடுறீங்களே."

"சட்டம்ணே. நான் என்ன பண்ணட்டும்?"

அவர் விரல்கள் போனில் ஓடின. முன்பணம் திரும்பி வந்ததென்று சலூன்காரரின் போன் சிணுங்கியது, லாரிக்காரருடையது சிணுங்கியது, அண்ணனுடையது சிணுங்கியது. தையற்காரி தன் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கடைசியாக அவளுடையது சிணுங்கியது. கோட்டு பறந்தார்.

"பாவி, வயித்துல அடிச்சுட்டானே" என்று தலையில் கைவைத்தார் அண்ணன்.

அவள் மற்ற இரண்டு தாள்களையும் அவர் மடியில் வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். அண்ணன் செங்கல் தாளைப் படித்தார், தம் நகக்கண்ணைப் பார்த்தார், மறுபடி படித்தார். சலூன்காரர் சிரிக்கத் தொடங்கி இருமலில் முடித்தார்.

"முன்னாடியே ஏன் சொல்லல?" என்றார் அண்ணன்.

"முன்னாடி சொல்லியிருந்தா அரை கிராமுக்குப் பங்குதாரர் ஆகியிருப்போம் அண்ணே."

"அதுக்காக? என் பட்டறைத் தூசியைக் காட்டி ஒருத்தன் தலையில மண்ணைக் கட்டுறதா? என் பேரு என்னாகும்?"

"அவன் நம்ம தலையில கட்ட வந்தவன்யா" என்றார் லாரிக்காரர்.

"அவன் யோக்கியதை அவனுக்கு. எனக்கு என் யோக்கியதை."

"அவனுக்குப் போன் போட்டுப் பேசுங்க அண்ணே. உண்மையைச் சொல்லிடுங்க. எனக்கும் அதுதான் நல்லது" என்றாள் அவள்.

அண்ணன் போனில் ஒலியைப் பெருக்கி வைத்து, உரல், அரம், செங்கல் எல்லாவற்றையும் வரிசை பிசகாமல் சொன்னார். மறுமுனையில் சிரிப்புக் கேட்டது.

"பெரியவரே, செங்கல்லுல தங்கமா? பங்கு கைவிட்டுப் போச்சுன்னு என்ன கதை வேணா விடுவீங்களா? இருக்கிற நகை நட்டெல்லாம் வச்சு மொத்த மேட்டையும் நானே எடுத்துக்கிறதா அப்பவே போன்ல பேசி முடிச்சுட்டேன். போய் வேலையைப் பாருங்க."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. அண்ணன் மறுபடி அழைத்தார், எடுக்கவில்லை. பதினாறு வரியில் எழுதி அனுப்பினார்; படித்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. வாழ்நாளில் முதன்முறையாக ஓர் உண்மையை இலவசமாகக் கொடுத்தும் வாங்க ஆளில்லாத திகைப்பில் அவர் போனைப் பார்த்தபடி இருந்தார்.

தையற்காரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"இந்த வெயில்ல எங்கம்மா போற?"

"கடை ஓனர்கிட்ட. பதினொண்ணு அவர் காதுக்குப் போய் விலையை ஏத்துறதுக்குள்ள கையெழுத்து வாங்கிடணும் அண்ணே."