இலியே நல்லா இருக்காரா?

புனேயின் வாகட் பகுதியில், தேவ்ராய் ஹைட்ஸ் குடியிருப்பின் பின்பக்க மைதானத்தில் விளக்குக் கம்பம் கிடையாது. அங்கே இரண்டு வருடம் மாலை ஏழு மணிக்கு மேல் நடந்த கால்பந்துப் பயிற்சி, டோரின் பிராட்யா என்ற ருமேனியக் கோச்சின் வெட்கம் தந்த வெளிச்சத்தில்தான் நடந்தது. அந்தத் துண்டு நிலத்தை பில்டர் வழக்கில் சிக்கவைத்துவிட்டுப் போய்விட்டதால் மின் இணைப்புக்கு வழியில்லை. பிள்ளைகள் டியூஷன் முடிந்து வருவதும், பெற்றோர் ஹிஞ்சவடி டிராஃபிக்கில் நீந்திக் கரையேறுவதும் ஏழுக்குத்தான். வெளிச்சம் எங்கிருந்து வந்தால் என்ன, வந்தால் சரி என்று எல்லோரும் இருந்தார்கள்.

டோரின் பிறந்தது டான்யூப் நதிக்கரையில், சிமெண்ட் ஆலை ஒன்றை நம்பிப் பிழைத்த சிற்றூரில். பக்கத்து வீட்டுப் பையன் இலியேயும் அவரும் ஒரே பந்தை உதைத்து வளர்ந்தார்கள். இலியே கோல்கீப்பராகி அடுத்த ஊர் அணிக்குப் போனான். டோரின் சொந்த ஊர் அணியில் வலது ஓரத்தில் ஓடினார். ஒரு மே மாதம் இரண்டு அணிகளும் மோதின. தோற்றவர் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும் என்ற ஆட்டம். கடைசி நிமிடங்களில் இலியே பந்தைப் பிடிக்கப் பாய்ந்தபோது, யாரும் தொடாமலேயே டோரின் கால் ஒடிந்தவர் மாதிரி விழுந்து புரண்டார். நடுவர் நம்பினார். இலியேயை வெளியே அனுப்பினார், பெனால்டி கொடுத்தார். டோரினின் ஊர் தப்பியது. இலியேயின் அணியை அடுத்த வருடமே கலைத்துவிட்டார்கள். அவன் ஊர்க்காரர்கள் அவனைத்தான் திட்டினார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். அவன் அதற்குப் பிறகு கையுறை மாட்டவே இல்லை, பேருந்து ஓட்டப் போனான். வெற்றி விருந்தன்று கரண்ட் போனது. சூப்பில் கரண்டி தேடியவர்களுக்கு டோரினின் முகத்திலிருந்து வெளிச்சம் கிடைத்தது. ஜெயித்த களை என்று சொல்லிக்கொண்டு சாப்பிட்டு முடித்தார்கள்.

அந்த வெளிச்சம் பிறகு அணையவில்லை. கல்யாணமான புதிதில் அவர் மனைவி கட்டிலுக்கு நடுவே திரை தைத்துப் போட்டுப் பார்த்தாள், பிறகு திரையை விட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போனாள். ஆட்ட வயது முடிந்து கோச்சானதும் அவர் சைப்ரஸில் இரண்டு அணிகளைப் பழக்கினார். வளைகுடா நாடொன்றில் சாலையைக் கடக்க நின்றால், சிக்னல் என்று நினைத்து வண்டிகள் நின்றுவிடுகின்றன என்று புகார் வந்தது. கோவாவில் ஒரு சீசன் முழுக்க, வெளிச்சத்துக்கு வந்து மொய்த்த ஈசலைத் தின்றார். பாணேரில் ஒரு கால்பந்துப் பள்ளிக்கென்று புனே வந்தார், பள்ளி ஆறு மாதத்தில் மூடியது. தேவ்ராய் ஹைட்ஸ்காரர்கள் அவருக்கு கிளப் ஹவுஸ் மாடியில் ஓர் அறை கொடுத்துப் பிள்ளைகளை ஒப்படைத்தார்கள். வந்த புதிதில் அவரிடம் ஜீரோ வாட் பல்பு அளவுக்குத்தான் வெளிச்சம் இருந்தது. இந்தியாவில் இலியேயைத் தெரிந்தவர் யாரும் இல்லை அல்லவா.

அதைக் கூட்டிவிட்டவர் விஸ்வேஸ்வரன். கோயம்புத்தூர்க்காரர், சாஃப்ட்வேர் நிறுவனத்தில் டெலிவரி மேனேஜர், குடியிருப்பின் விளையாட்டுக் குழுச் செயலாளர். மகள் அம்மு பதினான்கு வயதுக்குட்பட்டோர் அணியின் கோல்கீப்பர். நல்ல மனிதர்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். யாரைப் பார்த்தாலும் குசலம் விசாரிக்காமல் அவரால் பேச்சைத் தொடங்க முடியாது. வாச்மேனிடம் அவன் ஊர் எருமை ஈன்றதா என்று கேட்டுவிட்டுத்தான் கேட் திறக்கச் சொல்வார். அந்த வழக்கப்படி கோச்சிடமும் ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்க, அவர் தயங்கித் தயங்கி இலியேயைப் பற்றிச் சொன்னார். மறுநாள் இருட்டும் நேரத்தில் விஸ்வேஸ்வரன், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், இலியே நல்லா இருக்காரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். கோச்சின் கழுத்திலிருந்து வெளிச்சம் ஏறி மைதானத்தின் அடுத்த கோல் கம்பம் வரை போய் விழுந்தது. பிள்ளைகள் பந்தைத் தெளிவாகப் பார்த்தார்கள். எட்டரை வரை ஆடினார்கள்.

முதல் நாள் கேட்டது குசலம். அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் சுவிட்ச். தினமும் ஏழு மணிக்கு விஸ்வேஸ்வரன் வருவார், இலியே நல்லா இருக்காரா என்பார், டோரின் தலை குனிந்துகொள்வார், பயிற்சி தொடங்கும். விஸ்வேஸ்வரன் ஊருக்குப் போன வாரங்களில் வேறு ஓர் அப்பா கேட்டார். யாருக்கும் தவறாகத் தோன்றவில்லை. ஜெனரேட்டர் வாடகையும் டீசல் புகையும் மிச்சம் என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். டோரின் ஒருநாள் மட்டும், கேட்காமலே விளையாட முடியுமா பார்ப்போமா என்றார். அன்று இருட்டில் ஒரு பையன் கம்பத்தில் மோதிப் பல்லை உடைத்துக்கொண்டான். மறுநாள் அவரே விஸ்வேஸ்வரனைத் தேடி வந்து நின்றார்.

அணி இரண்டாம் வருடம் குடியிருப்புகளுக்கு இடையிலான லீக்கில் இறுதி ஆட்டம் வரை போனது. பயிற்சி வீடியோவை யாரோ இணையத்தில் போட்டார்கள். இறுதி ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது விஸ்வேஸ்வரனின் எண்ணுக்கு வெளிநாட்டு அழைப்பு வந்தது. வீடியோவுக்குக் கீழே இருந்தது அவர் எண்தான். பேசியது இலியேயின் மகள். அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார், வீடியோவில் அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் ஆளை அடையாளம் தெரிந்துகொண்டார், இத்தனை வருடமாகவா எரிந்துகொண்டிருக்கிறான் மடையன் என்று சிரித்தார், தனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று சொல்லச் சொன்னார், டோரின் ஒரு தடவை கூப்பிட்டால் போதும், அவன் குரலைக் கேட்க வேண்டும் என்கிறார் என்றாள். விஸ்வேஸ்வரன் கட்டாயம் சொல்கிறேன் என்றார். எண்ணைக் குறித்துக்கொண்டார். சொல்லவில்லை.

சொன்னால் வெளிச்சம் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். எதிரணி பாணேர், அங்கே எட்டுக் கம்பத்தில் நிஜ விளக்கு வைத்துப் பழகுகிறவர்கள். மிச்சமிருக்கிற ஒரு வாரமும் பிள்ளைகள் இருட்டில் நின்றால் இரண்டு வருட உழைப்பு என்னாவது. காரியமா வீரியமா என்று கேட்டால் அவர் எந்த நாளும் காரியம் பக்கம்தான். மனைவி ருக்மிணிதான் இரவுச் சமையலுக்கு நடுவில் கேட்டாள்.

"ஏனுங்க, அந்த மனுசங்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"ஞாயித்துக்கெழம மேட்ச் முடியட்டும். அதுக்குள்ள என்ன குடி முழுகிப்போகுது?"

"எனக்கென்னமோ இது நல்லாப் படலீங்க."

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். டோரினின் அறை இரண்டு நிமிட நடைதான், அவளும் போகவில்லை. விஸ்வேஸ்வரன் அந்த வாரம் முழுக்க வழக்கம்போல் ஏழு மணிக்கு மைதானத்துக்குப் போனார். பதில் சட்டைப் பையில் இருக்க, இலியே நல்லா இருக்காரா என்று தினமும் கேட்டார். டோரின் தினமும் தலை குனிந்தார். அந்த வாரம் வெளிச்சம் எப்போதையும் விட நன்றாக இருந்தது என்று பெற்றோர் எல்லோரும் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அணி ஜெயித்தது. அம்மு ஒரு பெனால்டியைத் தடுத்தாள். பாணேர் மைதானத்து விளக்குகளுக்கு நடுவே டோரினின் வெளிச்சத்தை யாரும் கவனிக்கவில்லை, அது அன்று யாருக்கும் தேவைப்படவும் இல்லை. கோப்பை வாங்கியபின் வண்டிகள் நிற்கும் மூலைக்கு விஸ்வேஸ்வரன் கோச்சை அழைத்துப்போய், ஸ்வீட் பெட்டி நீட்டுகிறவரின் குரலில் விஷயத்தைச் சொன்னார், தன் போனிலேயே எண்ணைப் போட்டும் கொடுத்தார். என்றைக்கு அழைப்பு வந்தது என்று டோரின் கேட்டார். விஸ்வேஸ்வரன் போன ஞாயிறு என்றார். அந்தப் பக்கம் மகள் எடுத்தாள். டோரின் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார், தன் மொழியில் இரண்டே வார்த்தை சொன்னார். இலியே வெள்ளிக்கிழமை இறந்திருந்தார். கடைசி வரை போனைத் தலையணைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார், மணி அடிக்கிறதா என்று அடிக்கடி கேட்டாராம். மன்னித்ததை மகள் இன்னொரு தடவை சொன்னாள். சொல்லி முடித்ததும் டோரினின் முகத்தில் வெளிச்சம் அணைந்துவிட்டது. அறுபது வயது வெள்ளைக்காரர் ஒருவர் இருட்டில் நின்று அழுதார்.

அவர் விஸ்வேஸ்வரனைத் திட்டவில்லை. போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். திட்டியிருந்தால் விஸ்வேஸ்வரனுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். காரைக் கிளப்பச் சாவி தேடியபோது பின் சீட்டிலிருந்து அம்மு, "அப்பா, உங்க காது... லைட் மாதிரி எரியுது," என்றாள். டேஷ்போர்டு வரைக்கும் தெரிந்தது. வீடு போவதற்குள் கழுத்து, கன்னம், நெற்றி எல்லாம் பற்றிக்கொண்டது.

மங்கி கேப் போட்டுப் பார்த்தார். தோல் டாக்டர் களிம்பு எழுதினார். ஆபீஸ் வீடியோ மீட்டிங்கில், உங்களுக்குப் பின்னால் இருக்கும் விளக்கைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டார்கள். முருகன் கோயிலில் அர்ச்சனைக்கு நின்றபோது திரி சரியாகத் தெரிகிறது என்று குருக்கள் சந்தோஷப்பட்டார். ருக்மிணி கண்ணுக்குத் துண்டு கட்டிக்கொண்டு தூங்கினாள். அவள் விரல் நுனிகளும் லேசாக மினுங்கின. வெங்காயம் நறுக்கும்போது அவள் அவற்றைப் பார்ப்பதில்லை. டோரினுக்கோ வேறு தொந்தரவு. வெளிச்சம் இல்லாத முகத்தை வாச்மேனுக்கு அடையாளம் தெரியவில்லை, ஒரு வாரம் கேட்டில் நிறுத்தி ஐடி கேட்டான்.

மைதானம் இருண்டு கிடந்தது. வெளிச்சம் வராமல் பிள்ளைகள் கலைந்துபோன நான்காவது மாலை, விஸ்வேஸ்வரன் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கீழே இறங்கி வந்து, டோரின் வழக்கமாக நிற்கும் கோட்டோரத்தில் நின்றார். தலை தானாகக் குனிந்தது. அடுத்த கோல் கம்பம் வரை தெரிந்தது, கம்பத்துக்கு அப்பால் இருந்த வேலிகூடத் தெரிந்தது. மறுநாளும் வந்தார். அதற்கப்புறம் வராத நாள் இல்லை. பி விங்கில் படுக்கையறைக்குள் வெளிச்சம் அடிக்கிறது என்று ஒருவர் மேலிருந்து சொன்னபோது கொஞ்சம் திரும்பி நின்றுகொண்டார். புதிதாகக் குடிவந்த ஓர் அப்பா, விவரம் கேள்விப்பட்டு, தினமும் ஏழு மணிக்கு விஸ்வேஸ்வரனிடம் என்ன கேட்க வேண்டும், யார் கேட்கிறீர்கள் என்று டோரினிடம் விசாரித்தார்.

இவரிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை என்று டோரின் சொல்லிவிட்டு, விசில் ஊதிப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்.