பிற துறைப் பாடம்

நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்ததை நான் முழுதாகப் படிக்கவில்லை. தப்பு என்னுடையதுதான். பாட்டில் லேபிளைப் படிக்காமல் எதையும் தொடாதே என்று வேதியியல் லேபில் தினமும் சொல்கிறார்கள். நோட்டீஸுக்கும் அதுதான் என்று எனக்குத் தோன்றவில்லை.

அறிவியல் மாணவர்கள் மூன்றாம் பருவத்தில் மட்டும் வேறு புலத்திலிருந்து ஒரு விருப்பப்பாடம் எடுக்க வேண்டும். இது முதல் விதி. அதைப் படித்ததுமே என் கண் கலைப் புலத்தின் வரலாற்றுத் துறைக்கு ஓடிவிட்டது. கௌதம்ராஜ் அங்கேதான் படிக்கிறான்.

பத்தாம் வகுப்பு வரை ராஜபாளையத்தில் நாங்கள் ஒரே வகுப்பு. எனக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஸ்கேல் தா, பேனா தா என்று உயிரை வாங்குவான். பதினொன்றில் நான் சயின்ஸ் குரூப் எடுத்தேன், அவன் வரலாறு. இப்போது திருவில்லிபுத்தூரில் ஒரே கல்லூரி, வேறு வேறு கட்டிடம். நான் சேத்தூரில் ஏறும் பஸ்ஸில் அவன் ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில் ஏறுவான். நான் முன்னால், அவன் பின்படியில். நடுவில் எங்கள் ஊர்க்காரர்கள் முப்பது பேர். அதில் பாதிப் பேர் எனக்குச் சித்தப்பா முறை. பிறகு எங்கே பேசுவது?

அவன் பட்டாளத்துக்குத் தேர்வாகிவிட்டான், இந்தப் பருவத்தோடு போய்விடுவான் என்று பஸ்ஸில்தான் காதில் விழுந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை. அவன் போவதற்குள் மறுபடியும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும். பேசக்கூட வேண்டாம். பின்னால் இருக்கிறான் என்று தெரிந்தால் போதும்.

இரண்டு எச்.ஓ.டி.களிடமும் கையெழுத்து வாங்கி, இந்திய விடுதலை இயக்கம் என்ற பாடத்துக்குப் படிவம் கொடுத்தேன்.

"கெமிஸ்ட்ரிக்காரிக்கு விடுதலை இயக்கம் எதுக்குட்டி?" என்றாள் என் பெஞ்ச்காரி பிரிஸ்கில்லா.

"நாட்டுப்பற்று."

"அந்த நாட்டுக்குப் பேரு கௌதம்ராஜா?"

முதல் புதன்கிழமை, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு வரலாற்று வகுப்புக்குள் நுழைந்தேன். இயற்பியல், கணிதம், வணிகவியல் என்று எல்லோரும் இருந்தார்கள். வரலாற்று மாணவன் ஒருவன்கூட இல்லை. பாடம் நடத்த வந்த செல்லக்கனி மேடத்திடம் கேட்டேவிட்டேன்.

"எங்க டிபார்ட்மெண்ட் பிள்ளைக இதுல எப்படிம்மா வருவாங்க? அவங்களும் வேற புலத்துக்குத்தான் போகணும். ஆறாவது விதியப் படிக்கலையா?"

அன்றே ஆபீசுக்கு ஓடினேன். கிளார்க் காசிராஜன் சார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பாடத்த மாத்துறதுக்குப் பத்து நாளு டைம் குடுத்தோம். நேத்தோட முடிஞ்சு போச்சு. ஆமா, எதுக்கு மாத்தணும்?"

விடுவிடுவென்று வெளியே வந்தேன். குழாயடியில் முகத்தைக் கழுவினேன். பிரிஸ்கில்லா கேலி செய்யவில்லை. அதனாலேயே எனக்கு இன்னும் அழுகை வந்தது.

அடுத்த புதன்கிழமை வகுப்பு முடிந்து எங்கள் கட்டிடத்துக்குத் திரும்பியபோது, வேதியியல் வகுப்பிலிருந்து கலைப் புலத்துப் பையன்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். கடைசியாக கௌதம்ராஜ்.

"நீ எங்க இங்க?" என்றேன்.

"உணவுக் கலப்படம் எடுத்திருக்கேன். மிளகாப் பொடியில செங்கப் பொடி கலந்திருந்தா, தண்ணியில போட்டா அடியில தங்கிருமாம்." நோட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். "ஒன்னத்தான் காணல."

"நான் ஒங்க கிளாஸுல இருந்தேன்."

இரண்டு பேரும் அப்படியே நின்றோம். நான்கு பேர் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "காமர்ஸ் எடுத்திருந்தா ரெண்டு பேரும் ஒண்ணா இருந்திருக்கலாம்லா?" என்றான்.

இருந்திருக்கலாம். வணிகவியல் அவன் புலமும் இல்லை, என் புலமும் இல்லை. ஆனால் அதற்கு யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து கேட்டிருக்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் ஒரே பஸ்ஸில் போய் வந்தும் இரண்டு பேரும் ஊமையாகத்தானே இருந்தோம்?

வரலாற்று வகுப்பில் அவன் வழக்கமாக உட்காரும் இடத்தைக் கேட்டுக்கொண்டேன், அவனும் என் இடத்தைக் கேட்டுக்கொண்டான். அவனுடையது மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். அதன்பிறகு எல்லாப் புதன்கிழமையும் அங்கேதான் உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் அவன் என் கட்டிடத்தில், என் பெஞ்சில் இருப்பான். கூப்பிடு தூரம்தான். ஆனாலும் காஷ்மீரில் இருக்கிறவனை நினைத்து ஏங்குவதுபோல ஏங்கினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பருவத்தின் கடைசி வாரம் அவன் கல்லூரிக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஆர்டர் வந்துவிட்டதாம். விருப்பப்பாடப் பரீட்சைக்கு மறுநாள் காலை மதுரையில் ரயில் ஏற வேண்டுமாம். "பட்டாளத்துக்குப் போறவனுக்குப் பரீட்சை எதுக்கு?" என்று அவன் கூட்டாளிகள் சொன்னதை பிரிஸ்கில்லா வந்து சொன்னாள். நியாயம்தான். அந்த மார்க்கை வைத்து அவன் என்ன செய்யப் போகிறான்?

பரீட்சையன்று பஞ்சு மார்க்கெட்டில் அவன் ஏறவில்லை. திருவில்லிபுத்தூர் மடவார் வளாகம் வரும்வரை நான் பின்படியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எந்தச் சித்தப்பா கவனித்தால் எனக்கென்ன?

பார்த்து எழுதக்கூடாது என்று ஒரே பெஞ்சில் வேறு வேறு பரீட்சைக்காரர்களைத்தான் உட்காரவைப்பார்கள். என் பெஞ்சின் மறுமுனை காலியாக இருந்தது. மணி அடித்து ஐந்து நிமிடம் கழித்து, வேர்த்து வழிய, ஒட்ட வெட்டிய தலையோடு கௌதம்ராஜ் உள்ளே வந்தான். யாருக்கு எந்த இடம் என்று ஒட்டியிருந்த தாளை அவன் முந்தின நாளே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஸ்கேல் இருக்கா?"

"பேசக்கூடாது!" என்றார் மேற்பார்வையாளர். நான் ஸ்கேலை நகர்த்தி வைத்தேன். அவன் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி மார்ஜின் கோடு போட்டான். கேள்வித்தாளைத் தொடக்கூட இல்லை.

அரை மணி நேரம் ஆனால் தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து போகலாம் என்று ஒரு விதி உண்டு. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நான் எழுதினேன், எழுதியதையே அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். கௌதம்ராஜ் கோடு மட்டும் போட்ட வெற்றுத்தாளை வைத்துக்கொண்டு, மூன்று மணி நேரமும், கடைசி மணி அடிக்கும்வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.