லோகு அழவில்லை

1

இந்தக் கதையை ஏற்கெனவே ஒருமுறை எழுதிக் கெடுத்துவிட்டேன். அதைச் சொல்லாமல் தொடங்கினால் இதையும் கெடுத்துவிடுவேன்.

என் தங்கை லோகப்பிரியா இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில் இருக்கிறாள். வயதானவர்களை வீடுவீடாகப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை. குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, காலை உணவு செய்து தருவது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு டவுன் பஸ்ஸில்தான் போவாள். போன நவம்பரில் ஒருநாள் அந்தப் பஸ்ஸிலிருந்து பதினொரு நிமிடக் குரல்பதிவு ஒன்றை எனக்கு அனுப்பினாள். ஜனவரியில் இன்னொன்று. அதன் கடைசி வரி: “அப்பாகிட்ட சொல்லிப்போடாதீங்ணா.”

நான் அப்பாவிடம் சொல்லவில்லை. கதையாக எழுதி, கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் அறுபது பேர் முன்னால் வாசித்தேன்.

கைதட்டினார்கள். ஒருவர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். [எடுக்கும்போது நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.]

2

அந்தக் கதையின் முதல் வரி இது:

“தென்னிந்தியாவின் மான்செஸ்டரில் பிறந்தவள், அசல் மான்செஸ்டரின் பஸ்ஸில் உட்கார்ந்து—”

லோகு பிறந்தது கோவையில் இல்லை, வெள்ளகோவிலில். இருப்பது லீட்ஸில். அங்கிருந்து மான்செஸ்டருக்கு ரயிலில் போக வேண்டும். ஒரு வரி நன்றாக அமைய வேண்டும் என்று இரண்டு ஊர்களை மாற்றியிருக்கிறேன்.

இரண்டாவது முயற்சி, இந்த வாரம் எழுதியது:

“மழைத்துளிகள் கண்ணாடியில் கோலம் போட, பஸ் அந்த அந்நிய நகரத்தின்—”

வேண்டாம். நான் லீட்ஸைப் பார்த்ததில்லை. எனக்குக் கோவையிலேயே, கணபதி பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலை. மோட்டாரை எப்படி மாட்டுவது, எப்போது எண்ணெய் விடுவது என்று தமிழில் கையேடு எழுதுகிறேன். அங்கே பார்க்காததை எழுத விடமாட்டார்கள். கதையில் தடுக்க யாரும் இல்லை.

அந்தப் பஸ்ஸைக் கற்பனை செய்ய வராமல் ஒருநாள் காந்திபுரத்தில் வடவள்ளி பஸ் ஏறி, முன்பக்கம் ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். பாட்டு அலறியது. கண்டக்டர் தோளில் தட்டி, “ஏனுங்க, எங்கீங்க?” என்றார். குறிப்பில் அந்தக் கேள்வி மட்டும்தான் மிஞ்சியது. லீட்ஸில் கண்டக்டர் கிடையாது என்று லோகு பிற்பாடு சொன்னாள்.

3

நடந்தது இது.

லோகுவின் முதல் வீடு டோரீன் என்கிற எண்பத்தாறு வயது அம்மாளுடையது. காலை ஏழரைக்கு அங்கே இருக்க வேண்டும். பதினான்கு மாதமாகப் போய்க்கொண்டிருந்தாள். இருவருக்கும் பெரிய பாசம் ஒன்றுமில்லை. ரொட்டி கருகிவிட்டது, ஜன்னல் திறந்திருக்கிறது, நீ கதவை அறைந்து சாத்துகிறாய்: தினமும் ஏதாவது ஒரு குறை. “நம்மூரு அத்தைக மாதிரியேதான்” என்பாள் லோகு.

அன்று பஸ்ஸில் உட்கார்ந்தபடி போனைத் திறந்தாள். அன்றைக்குப் போகவேண்டிய வீடுகளின் பட்டியல் கம்பெனி செயலியில் வரும். ஏழரை மணி வரியைக் காணோம். பதினோரு மணி வீடுதான் முதலில் நின்றது. ஆபீஸுக்குக் கூப்பிட்டாள். எடுத்த பெண் சொன்னாள்: “அவங்க இறந்துட்டாங்க, லவ். பட்டியலை மாத்திட்டோமே, பார்க்கலையா?” [‘லவ்’ என்பது அந்த ஊர்க் ‘கண்ணு’.]

டோரீனின் நிறுத்தம் வந்தது. லோகு எழவில்லை. பஸ் கடைசி நிறுத்தம் வரை போனது. திரும்பியது. நகரத்துக்குள் வந்தது. மறுபடி கிளம்பியது. மறுபடியும் அந்த நிறுத்தம். மறுபடியும் எழவில்லை.

இரண்டாவது முறை கடைசி நிறுத்தத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு டிரைவர் எழுந்து வந்தார். யுஸ்ரா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண்.

இந்த இடத்தில் நான் முன்பு எழுதியது [கதையில் லோகுவுக்கு நவ்யா என்று பெயர்]:

“யுஸ்ரா அவளை அணைத்துக்கொண்டாள். நவ்யா விம்மி விம்மி அழுதாள். ‘எந்த ஊரு கண்ணு?’ என்று தமிழில் கேட்டாள் யுஸ்ரா. அவளுக்குச் சொந்த ஊர் உக்கடம்!”

கூட்டத்தில் கைதட்டல் வந்தது இந்த இடத்தில்தான்.

4

வீடியோ மூன்றே நாளில் வெள்ளகோவிலுக்குப் போய்விட்டது. அப்பாவுக்கு எழுபது வயது. பொங்கியண்ணன் என்றால் அந்தப் பக்கம் முருங்கை வியாபாரிகளுக்கெல்லாம் தெரியும். எழுத்துக்கூட்டித் தலைப்புச் செய்தி படிப்பதோடு சரி, என் கதைகளைத் தொட்டதில்லை. இதை எண்ணெய் மில்லில் யாரோ போட்டுக்காட்டியிருக்கிறார்கள். எனக்குப் போன் செய்தார்.

“ஏன் சரவணா, அந்தக் கதையில வர்ற புள்ள நம்ம லோகுவா?”

“இல்லீங்கப்பா. அது கற்பனைங்க. பேரே நவ்யாங்க.”

“கற்பனைக்குக் கெண்டக்கால்ல மொபெட் சைலன்சர் சுட்ட தழும்பு இருக்குமா?”

பெயரை மாற்றியிருந்தேன். தழும்பை மாற்ற மறந்துவிட்டேன். [மறக்கவில்லை. நன்றாக இருந்ததால் வைத்துக்கொண்டேன்.]

“கம்பெனிய மூடிப்போட்டாங்க, அறுவது நாளைக்குள்ள வேற வேல கெடைக்கலீன்னா அந்த நாட்ட உட்டுப் போவோணும்னு படிச்சியே. அதும் கற்பனையா?”

ஜனவரிக் குரல்பதிவு அதுதான். அவள் விசா அந்தக் கம்பெனியின் பேரில்.

அவர் லோகுவைக் கூப்பிட்டுச் சொன்னது ஒரே வாக்கியம்: “டிக்கெட்டப் போட்டு வந்து சேரு அம்மணி.” அவள் சொன்னதும் ஒன்றுதான்: “பஸ்ல இருக்கறனுங்கப்பா. எறங்கிப் பேசறனுங்க.” பிறகு பேசவில்லை. அவரும் கூப்பிடவில்லை. அம்மா இருந்திருந்தால் நடுவில் நின்றிருப்பாள். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது.

5

லோகு என்னைக் கூப்பிட்டபோது மதியம் ஒன்றரை. கம்பெனி கேன்டீனில் இருந்தேன். கொங்கு நாட்டில் கோபத்தைக் குரலில் தேட வேண்டாம், பேச்சில் மரியாதை ‘ங்க’ உதிர்ந்துவிட்டதா என்று பார்த்தால் போதும்.

“கதைய எடுத்து வெச்சுக்க. ஒவ்வொரு வரியா சொல்றன். திருத்து.”

“லோகு, நான் வந்து—”

“திருத்து. யுஸ்ரா கட்டிப் புடிக்கல. அவளுக்கு உக்கடமும் தெரியாது, கோயமுத்தூரும் தெரியாது. ‘ரெண்டு சுத்து வந்துட்டியே, பரவால்லயா?’ன்னு கேட்டா. பஸ்ஸு மாறி ஏறிட்டேன்னேன். ‘ரெண்டு வாட்டியுமா?’ன்னா. எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

“பத்து நிமிசம் சாப்பாட்டு நேரம். என்னைய எறங்கச் சொல்லோணும் அவ. சொல்லல. முன்னால போயி, எனக்கு முதுகக் காட்டி உக்காந்து, ஒரு பொட்டலம் சிப்ஸ் தின்னா. எனக்கு ஒண்ணுகூடக் குடுக்கல. ஒரு வார்த்த பேசல. அந்தப் பத்து நிமிசம் எனக்கு எவ்வளவு நல்லா இருந்துதுன்னு உனக்குத் தெரியுமா? அதைப் போயி அழுகையாக்கி வெச்சிருக்கற.”

“நீ அழவே இல்லையா?”

“இல்ல. ‘இனிமே கதவ மெதுவாச் சாத்தோணுமே, ஆருக்குச் சாத்தறது’ன்னு நெனச்சேன். அவ்வளவுதான். அது உன்ர கதையில இல்ல.”

அந்த வாக்கியம் குரல்பதிவின் எட்டாவது நிமிடத்தில் இருந்தது. அன்று மாலை மறுபடி கேட்டுப் பார்த்தேன். முதல் தடவை கேட்டபோது ஆறாவது நிமிடத்திலேயே என் கதைக்கு முடிவு கிடைத்துவிட்டது. அதற்குமேல் நான் கேட்கவே இல்லை.*

“எனக்கு வேலை போனத விட,” என்றாள் கடைசியாக, “அத அப்பா ஆரோ ஒருத்தரு போன்ல கேட்டாரு பாரு... நாஞ் சொல்லியிருப்பேன். இன்டர்வியூ ஒண்ணு வந்ததும் ரெண்டையும் சேத்து சொல்லலாம்னு இருந்தேன்.”

திருத்தி எழுதட்டுமா என்று கேட்டேன். எழுது என்றாள். மூன்று நிபந்தனைகள்: கம்பெனி பெயர் வேண்டாம், பஸ் நம்பர் வேண்டாம், முடிவு வேண்டாம். “என்னைய எங்கயும் எறக்கி உட்டுப்போடாத.”

* வாசகரே, மன்னிப்புக் கேட்டேனா என்று நீங்கள் தேடலாம். கேட்டேன். அதை அழகாக எழுத வந்தது. அதனால் எடுத்துவிட்டேன்.

6

ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலுக்குப் போனேன். அப்பா முருங்கைக் காட்டில், மோட்டார் ரூம் நிழலில் இருந்தார். உறைக்கப் பேசுவார் என்று தயாராகப் போயிருந்தேன். ஒரு சாக்கை உதறிப் போட்டு, “உக்காரு” என்றார். பிறகு:

“அந்தப் பஸ்ஸு எந்தப் பக்கம் போவுது? உன்ர போன்ல ரோடு தெரியுமாமா. காட்டு.”

வரைபடத்தில் தெருவை அப்படியே படமாகப் பார்க்கும் வசதி இருக்கிறதே, அதைத் திறந்து, லோகு சொல்லியிருந்த பஸ் வழி தொடங்கும் இடத்தில், லீட்ஸ் நகரின் நடுவில் வைத்தேன். எப்படி நகர்த்துவது என்று சொல்லிக்கொடுத்தேன். போனை வாங்கிக்கொண்டார்.

ஒரு மணி நேரம். திரையில் இருந்த அம்பைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு நிறுத்தமாகப் போனார். சில சமயம் விரல் தவறிப் பக்கத்துச் சந்துக்குள் போய்விடும். திரும்பி வருவார்.

“ஒரு மனுசங்கூடக் காணோம்.”

“படம் எடுத்தப்ப அப்படிங்கப்பா.”

“எல்லா ஊடும் ஒரே மாதிரி செவசெவன்னு இருக்குது. எப்படிக் கண்டுபுடிக்கறா?”

“பழகிருமுங்க.”

“அந்தம்மா ஊடு எது?”

நிறுத்தத்தின் பெயரைத்தான் லோகு சொல்லியிருந்தாள், வீட்டைச் சொன்னதில்லை. அந்த நிறுத்தத்தில் இருந்த நாலைந்து வீடுகளையும் காட்டினேன். ஒவ்வொன்றின் கதவையும் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு மேலே போனார். வீடுகள் குறைந்தன. புல்வெளி வந்தது. பஸ் திரும்புகிற இடம்.

“இதாங்கப்பா கடைசி ஸ்டாப்.”

“இதுக்கு மேல ரோடு இருக்குதா?”

“இருக்குதுங்க. பஸ்ஸுதான் போகாது.”

அம்பை இன்னொரு முறை தொட்டார். படம் கொஞ்சம் முன்னால் நகர்ந்தது.

“அப்பறமென்ன” என்றார்.

போனை என் கையில் வைத்துவிட்டு மோட்டாரைப் போட எழுந்துபோனார்.

7

இன்றைய நிலவரம்: அறுபது நாளில் பத்தொன்பது மிச்சம். வியாழக்கிழமை வேறொரு ஊரில், முதியோர் இல்லம் ஒன்றில் லோகுவுக்கு இன்டர்வியூ. அதற்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

முடிவு அ: வேலை கிடைக்கிறது. முடிவு ஆ: கிடைக்காமல் கோவை ஏர்போர்ட்டில் வந்து இறங்குகிறாள், அப்பா வெளியே—

நிறுத்திவிட்டேன். இறக்கிவிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள்.

வெள்ளகோவிலிலிருந்து திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து, அப்பா போனில் ரோடு பார்த்ததையும் கடைசியாகச் சொன்னதையும் மட்டும் அவளுக்கு எழுதி அனுப்பினேன். சேர்க்கவில்லை, குறைக்கவில்லை. உடனே கூப்பிட்டாள்.

“எப்படிச் சொன்னாருங்ணா? சொல்லிக் காட்டுங்க.”

‘ங்க’ திரும்பி வந்திருந்தது. அது எனக்காக இல்லை, அப்பாவின் சொல்லுக்காக என்றே நினைக்கிறேன்.

சொல்லிக் காட்டினேன். ரோடு இருக்கிறது, போக வேண்டியதுதானே என்கிற மாதிரி. பிறகு, போய்க்கொண்டே இருந்தால் எப்போது திரும்புவது என்கிற மாதிரி. பக்கத்து சீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ரெண்டும் நீங்க சொல்ற மாதிரிதான் இருக்குதுங்ணா” என்றாள் லோகு. “அப்பா சொல்ற மாதிரி இல்ல.”

நான் எழுதினால் அது என் குரலாகிவிடுகிறது. ஆகவே, வாசகரே, உங்களிடம் தருகிறேன். ‘அப்பறமென்ன.’ அவர் சொன்னபோது கேள்விக்குறி இருந்ததா இல்லையா என்று எனக்கு நிச்சயமில்லை, நான் போடவும் இல்லை. உங்கள் வீட்டில் இந்தச் சொல்லை எப்படிச் சொல்வார்களோ அப்படி ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வியாழக்கிழமைக்குள்.